சென்னியப்பா, லைட்டைப் போடு

சித்தெ அக்கட்டால நகந்து உக்காருங்க. போதும், போதும். நான் வெள்ளகோயில் வரைக்குந்தான். நீங்க கரூருங்களா? அப்ப நல்லதாப் போச்சு, எறங்கற வரைக்கும் பேச்சுத்தொணை ஆச்சு.

அதென்னங்க மடியில, சுச்சுப் பெட்டியா? புது ஊடு கட்டறீங்களா? குடுங்க, ஒருக்கா தட்டிப் பாத்துக்கறேன். டக்கு. டக்கு. ஆகா, என்னா சத்தம் பாருங்க! இதைக் கேட்டு எத்தன நாளாச்சு. என்ற ஊட்டுல ஒரு சுச்சு கூடக் கெடையாதுங்க. கரண்டு இல்லாத ஊடுன்னு நெனச்சுக்காதீங்க. திருப்பூருல பனியன் கம்பெனி வெச்சிருக்கறேன். வாசல்ல நாலு காரு நிக்குது.

அப்புறம் எதுக்கு இவன் பஸ்ஸுல தொங்கறான்னு பாக்கறீங்க. மச்சினன் ஊட்டு வாசல்ல என்ற காரு போயி நின்னா தெருவே எட்டிப் பாக்கும். 'பொண்டாட்டியக் கூப்புட வந்துட்டாண்டா'ம்பாங்க. பஸ்ஸுல போனா, ஏதோ அந்தப்பக்கம் போனவன் சும்மா எட்டிப் பாத்தாப்பல இருக்குமில்லீங்களா? ஆமாங்க, என்ற சம்சாரம் அங்கதான் இருக்கறா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. இன்னிக்கு எப்படியாச்சும் கையோட கூட்டிக்கிட்டு வந்தர்றதுன்னு கெளம்பியிருக்கறேன். கோவம் எதுனாலன்னு கேளுங்க. லைட்டுனால. சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு நாயத்தை நீங்களே சொல்லுங்க.

ஊடு கட்டுனப்ப பெங்களூருல இருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து, செவுத்துக்குச் செவுரு கண்ணாடிப் பலகை ஒண்ணை மாட்டுனான். அதுல நாலு பட்டன். இங்கிலீசுல எழுதியிருக்கும். காலை, பார்ட்டி, சினிமா, போயிட்டு வர்றேன், இப்படி. ஒண்ணை அமுத்துனா அதுக்குத் தகுந்த லைட்டு, அதுக்குத் தகுந்த பாட்டு. பாத்ரூம் விடாம கூரைக்குள்ளாற ஸ்பீக்கர். அந்தக் காலத்துல திருப்பூருலயே வேற எங்கியும் கெடையாது. ஒறம்பரைங்க காப்பி குடிக்க வர்றாப்பல வந்து பட்டனை அமுத்திப் பாத்துட்டுப் போவாங்க.

அப்புறம் மிசினுக்கும் வயசாயிப்போச்சு. கம்பெனிக்காரன் கடையைச் சாத்திட்டான். பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆளு கனடாவுக்குப் போயிட்டானாம். ஒரு பட்டனை அமுத்துனா இன்னொண்ணு எரியும். பூசை ரூம் லைட்டுக்கு 'சினிமா'வை அமுத்தோணும். அடுப்படிக்கு 'பார்ட்டி'யை ரெண்டு வாட்டி. 'போயிட்டு வர்றேன்'னு அமுத்துனா கேட்டு தானா தொறந்துக்கிட்டு, நாதஸ்வரம் வாசிக்கும். இத்தனையும் என்ற சம்சாரத்துக்கு அத்துப்படி. மயிலாத்தான்னு பேரு. நான் மயிலாம்பேன். "மயிலா, லைட்டைப் போடு"ம்பேன். அவ எந்திரிச்சுப் போயி எதையோ அமுத்துவா, எரியும். "மயிலா, அந்தப் பாட்டை நிறுத்து"ம்பேன், எதையோ அமுத்துவா, நிக்கும். எனக்கு ஒரு பட்டனும் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கற அவசியமே வல்ல.

அப்படியே ஓடிக்கிட்டிருந்தது, போன ஐப்பசியில எங்கப்பன் தவறுற வரைக்கும். தொண்ணூறைத் தாண்டுன சாவு, கல்யாணச் சாவுன்னே சொல்லலாம். அதுக்காகக் கல்யாண மேளமே அடிக்கலாமுங்களா? நடு ஆசாரத்துல, அதான் ஹாலுல, படுக்க வெச்சிருக்குது. சுத்தியும் பொம்பளைங்க உக்காந்து ஒப்பாரி வைக்கறாங்க. ஒறம்பரையில ஒருத்தரு, வேர்க்குதுன்னு காத்தாடிக்காக ஒரு பட்டனை அமுத்திட்டாரு. அவ்வளவுதான். கூரையில இருந்து கெட்டிமேளம். ஊடு முச்சூடும். பச்சை, ஊதா, சேப்புன்னு லைட்டு எங்கப்பன் மூஞ்சி மேல சுத்திச் சுத்தி வருது. ஒப்பாரி வெச்சிட்டிருந்த எங்க பெரிய சித்தி பாதியில நிறுத்திட்டு மேல பாக்கறா. ஒரு பாட்டிக்குக் காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. அதுக்கு மட்டும் மேளம் எப்படிக் கேட்டுச்சோ, கையில இருந்த உதிரிப்பூவை அட்சதையாட்டம் எங்கப்பன் மேல தூவிட்டு "நல்லா இருங்க சாமி"ன்னுது.

நான் "மயிலா! நிறுத்து!"ன்னு கத்தறேன். அவ ஓடிப்போயி ஒறம்பரை பாத்ரூமுல வெந்நித்தண்ணி பட்டனை அமுத்துனா. நின்னுச்சு. உனக்கு எப்படிப் புள்ள தெரியும்னு கேட்டதுக்கு, "மூணு வருசமா அப்படித்தானுங்க நிக்குது"ங்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல பாருங்க.

காரியமெல்லாம் முடிஞ்சதும் மொத வேலையாப் பழைய மிசினைத் தூக்கிப்போட்டேன். கோயமுத்தூருல ஒரு புதுக் கம்பெனி. இந்துஜான்னு ஒரு பொண்ணு, இஞ்சினியரு, அதுதான் வந்து எல்லாம் பாத்துச்சு. நல்ல பொண்ணு, ஆனா எதுக்கெடுத்தாலும் யோசனை சொல்லும். "இனிமேல் பட்டனே வேண்டாம் சார், வாயில சொன்னாப் போதும்"னுது. "அப்ப எல்லா சுச்சையும் பேத்தெடுத்துப் பூசிரு"ன்னேன். "ரூமுக்கு ஒண்ணாவது இருக்கட்டும் சார், அம்மா பழகற வரைக்கும்"னுது. "எனக்குச் செவுத்துல ஒரு ஓட்டை இருக்கக்கூடாது"ன்னுட்டேன். இப்ப வந்து பாருங்க, செவுரெல்லாம் தொடைச்சு வெச்ச தட்டாட்டம் இருக்கும்.

அப்புறந்தான் கேட்டுது. "இதுக்கு என்ன பேர் வைக்கலாம் சார்? அந்தப் பேரைச் சொன்னாத்தான் முழிச்சுக்கிட்டு வேலை செய்யும்."

நான் யோசிக்கவே இல்லீங்க. "சென்னியப்பன்"னேன்.

என்ற பேருதான். அதுல என்னங்க தப்பு? கேட்டுல என்ற பேரு. தண்ணித்தொட்டியில என்ற பேரு. பனியனுக்குப் பனியன் கழுத்துல தைக்கற துணியில என்ற பேரு. எங்கூர்க் கோயில்ல நான் குடுத்த டியூப்லைட்டைப் பாத்தீங்கன்னா, உபயம்னு என்ற பேரு எழுதுனதுல வெளிச்சமே வெளிய வராது. ஊட்டுக்குள்ள மட்டும் வேற எவன் பேருக்கு லைட்டு எரியோணும்? இன்னொண்ணும் சொல்றேன். எங்கப்பன் போனதுக்கப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்புட ஆளே இல்லீங்க. கம்பெனியில மொதலாளி, பேங்க்குல சார், ஊருக்குள்ள மாமன், அண்ணன். "சென்னியப்பா"ன்னு காதுல கேட்டே அப்ப நெம்ப நாளாயிருந்துச்சு. சரி, அதை உடுங்க.

பதில் சொல்றதுக்கு யாரு குரல்னு அடுத்த கேள்வி. அதுவும் என்ற குரலேன்னுட்டேன். எழுதிக் குடுத்துப் படிக்கச் சொல்லுச்சு. 'சொல்லுங்க', 'சரிங்க, போட்டர்றேன்', 'சரிங்க, நிறுத்தீர்றேன்', 'எனக்கு அது தெரியலீங்க', இப்படி. மத்ததெல்லாம் ஒரே வாட்டியில முடிஞ்சுது. 'சரிங்க'ங்கறதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சுது. "கொஞ்சம் பணிவா வரணும் சார்"னுது. எனக்கு அது பழக்கமில்ல பாருங்க. காப்பி குடிச்சிட்டு வந்து, தண்ணி குடிச்சிட்டு வந்து, கடைசியா எப்படியோ வந்துருச்சு.

நல்ல நாள் பாத்து ஒறம்பரையைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன். நடு ஆசாரத்துல நின்னுக்கிட்டு, "சென்னியப்பா, லைட்டைப் போடு"ன்னேன். ஊடு முச்சூடும் பளீர்னுது. கூரையில இருந்து என்ற குரல், "சரிங்க, போட்டர்றேன்". அத்தன பேரும் கை தட்டுனாங்க. தட்டாதவ ஒருத்திதான். அடுப்படிக் கதவோரமா வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. சந்தோசத்துல அப்படி நிக்கறான்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநாள் பொழுதோட கம்பெனியில இருந்து வர்றேன், ஊடு இருட்டாக் கெடக்குது. அடுப்படியில மட்டும் ஒரு வெளிச்சம். போயிப் பாத்தா, பிரிட்ஜைத் தொறந்து வெச்சு, அதுக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, அந்த வெளிச்சத்துல பீன்ஸ் அரிஞ்சிட்டிருக்கறா.

"என்ன புள்ள இது?"

"போனு டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு ஒரு கையில எப்படீங்க அரியறது?"

"லைட்டைப் போட வேண்டியதுதானே?"

"எப்படீங்க போடறது?"

"பேரைச் சொன்னா எரியப்போவுது."

"பேரை எப்படீங்க சொல்றது?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவ என்ற பேரைச் சொல்ல மாட்டாளுங்க. சொன்னதே இல்ல. சொன்னாப் புருசனுக்கு ஆயுசு கொறையும்னு அவிய ஆத்தா சொல்லிக் குடுத்து அனுப்புனது. என்ற பேரு அதுல இருக்குதுன்னு சென்னிமலைங்கற ஊர்ப் பேரையே சொல்ல மாட்டான்னா பாத்துக்குங்க. காங்கயத்துல பஸ் ஏறுனா அதுக்கு அந்தப்பக்கம் இருக்கற ஈங்கூருக்கு டிக்கெட் வாங்கி, நடுவால சென்னிமலையில எறங்கிக்குவா. ரேசன் கடையில புருசன் பேரு என்னம்மான்னா, கார்டைத் திருப்பிக் காட்டுவா. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க.

"அட, அது மிசினு புள்ள, நானில்ல"ன்னேன்.

"பேரு உங்க பேருதானுங்களே"ங்கறா.

சொல்லு, சொல்லுன்னு தெனமும் சொன்னேன். காதுல ஏறல. சரி, மெழுகுவத்தி ஏத்திக்கறேனுங்கன்னா. புதுப் பெயிண்டுல பொகை புடிச்சிரும்னு வேண்டாம்னுட்டேன். அப்புறம் ஒரு நாள், "ஏனுங்க, சித்தெ லைட்டைப் போடறீங்களா"ன்னு செவுத்தைப் பாத்துக் கேட்டுக்கிட்டு நிக்கறா. மிசினு அசையல. மறுக்கா, "ஏனுங்க, இருட்டாயிருச்சுங்க"ங்கறா. நான் பக்கத்துலதான் நாற்காலியில போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மிசினைத்தான் கூப்புடறான்னு நானும் கம்முனு இருந்துட்டேன்.

இவதான் சொல்லலையே தவிர, ஊரே சொல்ல ஆரம்பிச்சிருச்சுங்க. அதுதான் கொடுமை. பால்காரன் பொழுதோட வந்தா, இவ அவனைக் கேட்டுக்கிட்டே நிக்கறது. அவன் வாசல்ல இருந்தே, "சென்னியப்பா, லைட்டைப் போடு!"ன்னு ஒரு சத்தம். "சரிங்க, போட்டர்றேன்"னு என்ற குரல் பால்காரனுக்குப் பதில் சொல்லுது. சமையலுக்கு வர்ற ராக்கியாத்தா, பாட்டை நிறுத்தறதுக்கு, "சென்னியப்பா, போதும் நிறுத்து. காது வலிக்குது"ங்கும். நான் மாடியில சாமி கும்பிட்டுக்கிட்டிருப்பேன். யாருடா அதுன்னு எறங்கி ஓடி வருவேன். "உங்களை இல்லீங்க மொதலாளி, அந்தச் சென்னியப்பனை"ங்கும். வாட்ச்மேன் அதுக்கும் மேல. கேட்டு லைட்டு எரிய ஒரு நொடி சொணங்குனாப் போதும், "ஏண்டா சென்னியப்பா, உனக்கு எத்தன வாட்டி சொல்றது?"ம்பான்.

மரியாதையாக் கூப்புடுங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லிப் பாத்தேன். "சென்னியப்பன் அய்யா, தயவு செஞ்சு லைட்டைப் போடுங்க"ன்னு சொன்னா மிசினுக்கு வெளங்க மாட்டேங்குது. அதட்டிச் சொன்னாத்தான் உடனே செய்யுது.

இதுல கம்பெனி ஆளுங்க போனஸ் பேச ஊட்டுக்கு வந்தாங்க. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். எந்திரிச்சுப் போற நேரத்துல சங்கத் தலைவரு, பேரு அமல்ராசு, மரியாதையான மனுசன், கூரையைப் பாத்து, "சென்னியப்பா, இது பத்தாது. இன்னும் கொஞ்சம் எச்சுப் பண்ணு"ன்னாரு. கூரையில இருந்து, "சரிங்க, எச்சுப் பண்ணீர்றேன்"னு என்ற குரல், அவ்வளவு பணிவா. லைட்டு கொஞ்சம் பளிச்சுன்னு ஆச்சு. வந்தவிய அத்தன பேரும் கை தட்டிட்டாங்க. வெளிச்சத்தைத்தான் கேட்டேன் மொதலாளிங்கறாரு. அப்புறம் என்ன பண்றது, கொஞ்சம் எச்சுப் பண்ணித்தான் குடுத்தேன்.

அன்னிக்குத்தான் மயிலா வாயைத் தொறந்தா. "ஏனுங்க, வேற பேரு மாத்திக்கலாமுங்களா?"ன்னு கேட்டா. "ஏன், என்ற பேருக்கு என்ன கொறை?"ன்னேன். அந்த இந்துஜாப் பொண்ணும், "ஒரு நிமிச வேலைதான் சார், மாத்திரட்டுமா?"ன்னு போன் பண்ணிக் கேட்டுது. பேர் வெச்சு ஊருக்கே சோறு போட்டாச்சு, இனி எடுத்தா, சென்னியப்பன் நொடிச்சுப் போயிட்டான்னு பேசுவாங்களா மாட்டாங்களா? முடியாதுன்னுட்டேன். சரிங்கன்னுட்டுப் போயி மறுக்காவும் பிரிட்ஜு முன்னால உக்காந்துக்கிட்டா. தயிரெல்லாம் புளிச்சுப்போச்சு. அதையும் பொறுத்துக்கிட்டேன்.

படியூரு தாண்டியாச்சுங்களா? அப்ப நேரமிருக்குது.

அந்த மழை நாளைச் சொல்றேன். பொழுதோட குளிச்சுக்கிட்டிருக்கறேன், கரண்டு போச்சு. ஜெனரேட்டரு தானா ஓடும். ஆனா அது மாறற நேரத்துல மிசினு ஒருக்கா செத்துப் பொழைக்கும். பொழைச்சு வந்தா அதுக்கு ஒண்ணும் ஞாபகமிருக்காது, யாராச்சும் பேரைச் சொல்லி எழுப்போணும். கும்மிருட்டு. ஒரு எட்டு வெச்சேன், காலடியில சோப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும். மல்லாக்க உழுந்தேன். கணுக்கால் அடியில மாட்டி மடங்கிருச்சு. தண்ணி வேற மூஞ்சியில கொட்டுது, மூச்சு முட்டுது. கதவை உள்ள தாப்பாப் போட்டிருக்கறேன், தாப்பா எந்தப் பக்கம்னே தெரியல.

அந்த நேரத்துல என்ற பேரு எனக்கே ஞாபகம் வல்லீங்க. "மயிலா! மயிலா! லைட்டைப் போடு!"ன்னு கத்தறேன். மிசினுக்கு மயிலா யாருன்னு தெரியுமா? கம்முனு கெடக்குது. அவ கதவுக்கு அந்தப்பக்கம் வந்துட்டா. "ஏனுங்க, என்னாச்சுங்க, உழுந்துட்டீங்களா"ன்னு தட்டறா. நான், "லைட்டு, லைட்டு"ங்கறேன். மழைன்னு ராக்கியாத்தா நேரத்துலயே கெளம்பிப் போயிருச்சு. வாட்ச்மேன் அந்தக் கடைசியில கேட்டுல இருக்கறான். அவ தட்டறதை நிறுத்திட்டா.

அப்புறம், "சென்னியப்பா"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. மெதுவா, எனக்கே சரியாக் கேக்கல. மிசினுக்கும் கேக்கல. அப்புறம் தொண்டை கிழியற மாதிரி, "சென்னியப்பா! லைட்டைப் போடு! சென்னியப்பா!"ன்னு அழுதுக்கிட்டே கத்தறா.

ஊடு முச்சூடும் பளீர்னு எரிஞ்சுது. கூரையில இருந்து, "சரிங்க, போட்டர்றேன்"னு என்ற குரல்.

நான் தவழ்ந்து போயித் தாப்பாவை எடுத்தேன். எதிர்க்க நிக்கறா. அப்ப என்ற வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? "யாரைப் புள்ள பேர் சொல்லிக் கூப்புடறே?"

தானா வந்துருச்சுங்க. வேணும்னு சொல்லல. கட்டுன பொண்டாட்டி பேர் சொல்லிக் கத்துனா ஒரு ஆம்பளைக்கு வருமா வராதா? நீங்களே சொல்லுங்க. என்னங்க, சன்னலுக்கு வெளியே பாக்கறீங்க? சரி.

அவதான் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, காருல ஏத்தி, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தா. சோறு போட்டா. மாத்திரை குடுத்தா. ஒரு பேச்சு இல்ல. காலையில எந்திரிச்சுப் பாத்தா, பூசை ரூமுல மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னால வெச்சிருக்குது. எதுக்கு நேந்துக்கிட்டாளோ, எனக்குத் தெரியல. அவளுக்கு ஏதாச்சும் கொறை இருக்கும். கட்டுப் பிரிக்கற வரைக்கும் கூடவே இருந்து எல்லாம் செஞ்சா. கட்டைப் பிரிச்ச அன்னிக்குப் பையை எடுத்துக்கிட்டுத் தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. ஒரு சண்டை போட்டிருந்தாலும் பரவால்லீங்க, இது என்ன பழக்கம்?

மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் பேரு துரைசாமி, நல்ல பையன். "அக்கா வரலீங்களாம் மச்சான்"ங்கறான். "ஏன்னு கேளு"ன்னேன். "கேட்டேனுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா இங்க வந்ததுல இருந்து பொழுதானா சுச்சுக்கிட்டப் போயி நின்னுக்கறாங்க. போடறாங்க, அணைக்கறாங்க, மறுக்காப் போடறாங்க. கொழந்தைங்களே பரவால்லீங்க மச்சான்"ங்கறான். உன்ற ஊட்டுக் கரண்டு பில்லை நான் கட்டறேன், அவளை அனுப்பி வைய்யின்னேன். போனை வெச்சிட்டான்.

சரி, அறிவுள்ளவன் என்ன பண்ணோணும்? பிரச்சினைக்கு வேர் எங்கன்னு பாக்கோணும். என்ற பேருனாலதானே அவளுக்குச் சங்கடம்? இந்துஜாவைக் கூப்பிட்டு, "பேரை மாத்தும்மா"ன்னேன். அதுக்கு ஒரே சந்தோசம். "என்ன பேரு சார்?"னுது. "மயிலான்னு வை"ன்னேன். "அம்மாகிட்டக் கேட்டீங்களா சார்?"னுது. அவ பேரை வைக்கறதுக்கு அவகிட்ட என்னங்க கேக்கறது? மரியாதைதானே பண்றேன்? இத்தன பெரிய ஊட்டுக்கு அவ பேரு. குரலை மாத்தோணும்னா ரெண்டு நாள் ஆகும்னுது, அதனால குரல் மட்டும் என்னோடதே இருக்குது.

நேத்துப் பொழுதோட மாத்தியாச்சு. பிரமாதமுங்க. எனக்கு எதையும் புதுசாப் பழகவே வேண்டியதில்ல. "மயிலா, லைட்டைப் போடு"ன்னா போடுது. "மயிலா, காத்தாடி"ன்னா சுத்துது. "மயிலா, அந்தப் பாட்டை நிறுத்து"ன்னா நிறுத்துது. இத்தன வருசமா நாக்குல பழகுன வார்த்தை, அப்படியே வழுக்கிக்கிட்டு வருது. மொதல்லயே இதைச் செஞ்சிருந்தா ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. இந்த நல்ல சேதியைச் சொல்லிக் கூட்டிக்கிட்டு வரத்தான் போறேன்.

என்னங்க கேட்டீங்க?

லைட்டுத்தான் எரியுதே, அப்புறம் எதுக்கு அம்மாவைக் கூப்புடப் போறீங்கன்னா?

இதென்னங்க கேள்வி. கட்டுனவ ஊட்டுல இருக்க வேண்டாமா? சமையலா? சமையலுக்கு ராக்கியாத்தா இருக்குது. துணிக்கு ஆளு இருக்குது. மாத்திரையை எடுத்து வைக்க... அதுக்கும் ஒரு ஆளு போட்டுக்கலாம். அதுக்கில்லீங்க. நீங்க என்ன, வக்கீலுங்களா?

ஓலப்பாளையம் வந்துருச்சு. இனி சித்தெ நேரந்தான்.

நேத்து நடந்ததுல ஒண்ணைச் சொல்லாம உட்டுட்டேன். லைட்டெல்லாம் போட்டாச்சு, காத்தாடி சுத்துது, பாட்டு ஓடுது. ஒவ்வொரு ரூமா நடந்து பாத்தேன். அத்தன பெரிய ஊட்டுல நான் ஒருத்தன்தான். ஏவறதுக்கு இனி ஒரு வேலையும் பாக்கி இல்ல. அப்படியே அடுப்படியில, பிரிட்ஜுக்கிட்ட நின்னேன். என்னமோ தோணுச்சு, "மயிலா"ன்னு சும்மா கூப்புட்டேன்.

"சொல்லுங்க"ன்னுது. என்ற குரலுதான்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அது காத்துக்கிட்டிருக்குது. "சாப்ட்டியா?"ன்னு கேட்டேன்.

"எனக்கு அது தெரியலீங்க"ன்னுது.

கூரையைப் பாத்துக்கிட்டு நின்னு அழுதேன், இந்த வயசுல. எதுக்கு அழுகறேன்னு எனக்கே புடிபடல. அவ இல்லாம அந்த ஊட்டுல என்னால இருக்க முடியாதுங்க. எத்தன லைட்டுப் போட்டாலும் முடியாது. அதுக்குத்தான் போறேன். போதுமா?

ஆச்சு, வெள்ளகோயில். பையை எடுத்துக் குடுங்க. கண்டக்டரே, சித்தெ நில்லுங்க, காலு சரியில்லாதவன், மெதுவாத்தான் எறங்குவேன். நீங்க ஒண்ணு சொல்லுங்க, கரூருக்காரரே. இப்ப துரைசாமி ஊட்டு வாசல்ல போயி நின்னு, "மயிலா"ன்னு கூப்புடுவேன். அவ வந்து, "சொல்லுங்க"ம்பா. அதுக்கப்புறம் என்ன சொல்றது? "ஊட்டுக்கு வா"ன்னு சொன்னா, அதுவும் ஒரு வேலை ஏவுனாப்பலயே இருக்குதுங்களே?